இடப்பக்கம் திரும்பாத ஆதிமூலம்

விடிந்தும் விடியாததுமாகக் கொல்லைக் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறார் ஆதிமூலம். வலது கையில் தோசைத் திருப்பி, செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்தபடி. இடது கை காற்றில் எதையோ முன்னால் தள்ளுகிறது. துவைக்கிற கல்லருகிலிருந்து ஓட்டமும் நடையுமாகக் கிளம்பி, தென்னை மரம் வந்ததும் உடம்பை ஒருக்களித்து இடப்பக்கம் திரும்பி, முருங்கையைத் தாண்டும்போது வாய்க்குள் இங்கிலீஷில் ஏதோ முனகி, மறுபடி துவைக்கிற கல்லுக்கே வந்து பூப்போல அதன்மேல் குந்துகிறார். குந்தும்போது முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"அந்தத் திருப்பியக் குடுங்க. கல்லு காயுது" என்கிறாள் சரசு, அடுப்படி வாசலில் நின்று.

"ஃபைனல்ல இருக்கேன் சரசு. எறங்கப் போற நேரம். இப்பக் குடுக்க முடியாது."

"தோசையும் ஃபைனல்லதான் இருக்குது. கருகிகினு போவுது. குடுக்கிறீங்களா, நான் வந்து புடுங்கிக்கட்டுமா?"

புருஷனுக்குத் தோசை வார்த்துப் போட, அந்தப் புருஷனிடமே தோசைத் திருப்பிக்காக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிற பொம்பளை இந்தத் திருவண்ணாமலையில் தான் ஒருத்திதான் என்று சரசுவுக்கு நிச்சயமாகத் தெரியும். அதை அவள் தினமும் வாய்விட்டுச் சொல்கிறாள். கேட்கத்தான் ஆளில்லை. கேட்க வேண்டியவர் அதற்குள் அடுத்த சுற்றுக்குக் கிளம்பியிருப்பார்.

ஆதிமூலத்துக்கு வயது நாற்பத்தைந்து. வாட்டசாட்டமான ஆள். ஒரே மகளைச் செய்யாற்றில் கட்டிக் கொடுத்தாயிற்று. போளூர் ரோட்டில் மில். நிலக்கடலையை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். ஓடு வேறு பருப்பு வேறாக அதை உடைத்துத் தரும் மில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைப்பிடி பருப்பு கிடக்கும். யாரிடம் பேசுவதானாலும் முதலில் நாலு பருப்பை அந்த ஆளின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். கடன் கேட்க வந்தவனுக்கும் நாலு, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவருக்கும் நாலு. இப்படி மண்ணோடு மண்ணாகக் கிடந்த மனிதருக்கு, மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு, ஏரோப்ளேன் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏன் தோன்றியது? கேட்டால் சரசு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டுவாள். "எல்லாம் இங்க எழுதியிருக்குது."

போன வருஷம், எழுபத்தெட்டில், மில்லுக்கு ஒரு மோட்டார் வாங்க மெட்ராஸ் போனார். மீனம்பாக்கம் பக்கம் டாக்சி பஞ்சராகி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் குருவி மாதிரி ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. அதிலிருந்து குதித்தவன் மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். ஆதிமூலம் நேரே வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் போனார். நாலு பருப்பைக் கொடுத்தார். "இத யாரு வேணா ஓட்டலாமா?" என்று கேட்டார். "கண்ணு தெரிஞ்சா போதும்" என்று அவன் விளையாட்டுக்குச் சொல்லிவைத்தான். அவ்வளவுதான். மோட்டார் வாங்கப் போனவர் மோட்டார் வாங்காமல், அங்கிருந்த ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்துவிட்டு வீடு வந்தார்.

சரசு முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னே ஒருமுறை ஹோமியோபதி பிடித்து ஆட்டியது. தெருவில் இருமியவன் தும்மியவனுக்கெல்லாம் சர்க்கரை உருண்டை கொடுத்தார். அது மழைக்காலத்தோடு போயிற்று. இதுவும் போய்விடும் என்று இருந்தாள். போவதாவது! சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மனுஷன் வீட்டில் நிற்பதில்லை. திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுப் பிடித்துக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை விமானம். திரும்பி வந்து படுக்கும்போது கால் தரையில் இருந்தாலும் பேச்சு தரையில் இருக்காது.

விமானத்தைச் சரசு 'தகர டப்பா' என்றுதான் சொல்வாள். ஒருநாள் அவர் மனம் நொந்து திருத்தினார்.

"தகரம் இல்ல சரசு. ரெக்கயெல்லாம் துணி. துணிய இழுத்துக் கட்டி மேல பூச்சு பூசியிருக்காங்க."

"துணியா? அட ஆண்டவனே! துணி சுத்தின வண்டியிலயா மேல போறீங்க? தகரம்னு நெனச்சிகினு இத்தினி நாளும் நிம்மதியா தூங்கிட்டேனே!"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அதை அவரிடம் சொல்லமாட்டாள். அதற்குப் பதிலாகத் திட்டுவாள். அது அவளுக்குச் சுலபமாக வரும்.

வீட்டுக்குள்ளும் நடமாட முடியவில்லை. சமையலறைக்குள் நுழைவதற்கு முன் நிலைப்படியில் நின்று, விமானக்காரர்கள் கீழே டவரிடம் இறங்க அனுமதி கேட்கிற மாதிரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரலில், "சரசு டவர், சரசு டவர், ரெக்வெஸ்ட் லேண்டிங்" என்பார். ஆரம்பத்தில் அவள் கரண்டியை ஓங்கினாள். பிறகு அலுத்துப்போய்ப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். "இப்ப எறங்கக் கூடாது. பெருக்கிகினு இருக்கேன். மேலயே சுத்துங்க." மனுஷன் நிஜமாகவே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். "கிளியர் டு லேண்ட்" என்று அவள் சொன்னால்தான் மணையில் உட்காருவார். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் சுவருக்கு மேலாக இதைக் கேட்டுவிட்டு, "உங்கூட்ல ரேடியோ சரியா எடுக்கலியா சரசு? கொரகொரன்னுது" என்று ஒருநாள் அக்கறையாக விசாரித்தாள்.

விமானத்தின் பெயர் புஷ்பக். அதுதான் வினை. "பேரே புஷ்பகம். செருப்புக் காலோட ஏறலாமா?" என்று ஆதிமூலம் செருப்பைத் தரையில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார். கற்றுக்கொடுக்கிற கேப்டன் ராமதாஸ் பட்டாளத்தில் விமானம் ஓட்டியவர். "மிஸ்டர் ஆதிமூலம், இது கோயில் இல்லை. ஷூ போட்டுட்டு வாங்க" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். மேலே போனால் இன்னொரு தொல்லை. பரங்கிமலை கண்ணில் பட்டதும் ஆதிமூலத்தின் இரண்டு கைகளும் கன்ட்ரோலை விட்டுவிட்டுக் கும்பிடப் போய்விடும்.

"அது மாதா கோயில் மலைய்யா!" என்று கத்தினாராம் கேப்டன்.

"மலைன்னா மலைதானுங்களே" என்றாராம் இவர்.

இதையெல்லாம் சரசுவிடம் வந்து அவரே சொல்வார், பெருமை பொங்க. மறைக்கத் தெரியாத மனிதர். ஆனால் இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். பெரிய தொல்லை வேறொன்று. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கு நடை வருவதற்கு முன்பே வலம் வந்துவிடும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தாய் இடுப்பில் உட்கார்ந்து, மலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி வந்த உடம்பு ஆதிமூலத்தின் உடம்பு. பிறகு தானே நடந்து சுற்றியது. ஒரு பௌர்ணமி தவறியது கிடையாது. காலையில் மில்லைத் திறந்ததும் மிஷினுக்குச் சாம்பிராணி காட்டி வலமாக ஒரு சுற்று. கல்யாணத்தில் அக்கினியை வலமாகச் சுற்றியது இருக்கட்டும், தொலைந்த சாவியைத் தேடினால்கூட வீட்டை வலமாகச் சுற்றித்தான் தேடுவார். எதைச் சுற்றினாலும் அது வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, மூச்சு விடுவதற்கு யாரும் சொல்லிக் கொடுக்காத மாதிரி.

விமானக்காரர்களின் வழக்கம் நேர்மாறாக இருந்து தொலைத்தது. தரையை விட்டுக் கிளம்பிக் கொஞ்சம் உயரம் போனதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஓடுபாதை இடக்கைப் பக்கமே இருக்கும்படி ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே வந்து இறங்க வேண்டும். எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றினால்தான் மேலே ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். பழகுகிறவர்களை முதல்முதலாகத் தனியே அனுப்பும்போது செய்யச் சொல்வது இந்த ஒரு சுற்றைத்தான். அதை முடித்தவன்தான் மேற்கொண்டு படிக்கலாம், லைசென்ஸ் வாங்கலாம்.

பக்கத்தில் கேப்டன் உட்கார்ந்து "லெஃப்ட்" என்று சொன்னால் ஆதிமூலம் சமர்த்தாக இடப்பக்கம் திரும்பிவிடுவார். கேப்டன் வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது. விமானம் வலப்பக்கம் சாயும்.

"மிஸ்டர் ஆதிமூலம்! என் உசிர வாங்காதீங்க. லெஃப்ட்டுன்னா எந்தக் கை?"

"இதுங்க." சரியாகத்தான் தூக்கிக் காட்டுவார்.

"தெரியுதில்ல? அப்புறம் ஏன் ரைட்டுல போறீங்க?"

"நான் போவலீங்க. கை போவுதுங்க. சுத்தப் போறோம்னு மனசுல பட்டாலே அது தானா போய்டுது."

கேப்டனுக்கு வந்த ஆத்திரத்தில் தன் தொப்பியைத் தானே கடிக்காததுதான் பாக்கி. ஏனென்றால் விமானத்தை இறக்குவதில் ஆதிமூலத்தை அடித்துக்கொள்ள அந்த கிளப்பில் ஆள் கிடையாது. எண்ணெய்க் குடத்தைத் தரையில் வைக்கிற மாதிரி வைப்பார். தரை தொட்டது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. இவ்வளவு அழகாக இறக்குகிற ஆளைத் தனியே அனுப்ப முடியவில்லையே என்பதுதான் கேப்டனின் வயிற்றெரிச்சல்.

ஆதிமூலத்துக்குப் பின்னால் சேர்ந்த காலேஜ் பையன்கள் ஒவ்வொருவராகத் தனியே பறந்துவிட்டார்கள். முதல்முதல் தனியாகப் போய்வந்து இறங்குகிறவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவது அங்கே வழக்கம். அந்த வாளியைக் குழாயடியில் நிரப்பிக் கொடுப்பவர் ஆதிமூலம். நிரப்பிக் கொடுத்து, கை தட்டி, நனைந்த பையன் கையில் நாலு பருப்பு வைத்துவிட்டு பஸ் ஏறுவார். அதைக் கேட்ட அன்று மட்டும் சரசு திட்டவில்லை. உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

கையைப் பழக்கத்தான் இந்தக் கிணற்றுச் சுற்று. தோசைத் திருப்பிதான் விமானத்தின் கன்ட்ரோல். அதைப் பிடித்துக்கொண்டு, கிணற்றை இடப்பக்கம் வைத்து, காலையில் வேர்க்க வேர்க்கச் சுற்றுகிறார். முதல் நாள் அதைப் பார்த்த சரசு கையிலிருந்த மாவுப் பாத்திரத்தை அப்படியே கீழே போட்டாள்.

"இன்னா பண்றீங்க நீங்க? எழவு வூட்ல கொள்ளி வெக்கிறவந்தான் இப்படி சுத்துவான். எங்கழுத்துல தாலி தொங்கறது உங்களுக்குப் பொறுக்கலியா?"

"இது ப்ராக்டீஸ் சரசு. சாமிக்குத் தெரியும்."

"சாமிக்குத் தெரியும், ஜோதியம்மாளுக்குத் தெரியுமா?"

அவர் நிறுத்தவில்லை. அவளாலும் விட முடியவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் காலையில் இடமாகச் சுற்றியதை, சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் அவள் வலமாகச் சுற்றி நேர் செய்துவிடுவது. மில்லிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்பாள், "இன்னிக்கு எத்தினி சுத்து?" அவர் தயங்கித் தயங்கிச் சொல்வார். "கம்மியா சொல்லாதீங்க. கடன் நிக்கும். எனக்கு முட்டி வலிச்சாலும் பரவால்ல, உண்மையச் சொல்லுங்க." பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு, வாய் ஓயாமல் திட்டியபடி சுற்றுவாள். ஒரு சுற்றுக்கு ஒரு திட்டு என்று கணக்காக வரும்.

ஜோதியம்மாள் சுவர்மேல் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டாள். "காலைல அவுரு ஒரு பக்கமா சுத்துறாரு. சாயங்காலம் நீ ஒரு பக்கமா சுத்துற. நடுவுல அந்தக் கெணத்துக்குத் தல சுத்தாதா?"

"எனக்கே சுத்துது, கெணத்துக்கு என்னா?" என்றாள் சரசு.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆதிமூலம் வழக்கமாக வரும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நிலைப்படியில் நிற்கவில்லை. மூக்கைப் பிடித்துப் பேசவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சமையலறைக்குள் நுழைந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.

"இன்னா ஆச்சு?"

"கேப்டன் சொல்லிட்டாரு. அடுத்த ஞாயிறு ஒண்ணுதான். அன்னிக்கு வாயே தொறக்க மாட்டாராம். வலப்பக்கம் திரும்பினேன்னா கீழ எறங்கினதும் கை குடுத்துட்டுப் பிரிஞ்சிடலாம்னுட்டாரு. கோவமா சொல்லல. 'உங்களத் தனியா அனுப்பி, எதிர்ல வர்ற புள்ள மேல மோத வுட்டா நான் மனுஷனா'ன்னு கேட்டாரு. நியாயந்தானே சரசு?"

நியாயம்தான்.  உள்ளுக்குள் அவளுக்குக் குளிர்ந்து போயிற்று. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இந்தப் பீடை ஒழிந்தது. துணி சுத்தின வண்டியும் வேண்டாம், சோறு இறங்காத ஞாயிறும் வேண்டாம். மனுஷன் மில்லுண்டு வீடுண்டு என்று கிடப்பார். இத்தனை நாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக் கேட்டதும் இதைத்தானே!

திங்கட்கிழமை கிணற்றடியில் ஆளில்லை. தோசைத் திருப்பி அதன் ஆணியிலேயே தொங்கியது. தோசை முறுகலாக வந்தது. ஆதிமூலம் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனார். செவ்வாயும் அப்படியே. சாயங்காலம் அவளுக்குச் சுற்ற வேண்டியதில்லை. முட்டிக்கு ஓய்வு. இருந்தும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கால் கொல்லைப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பியது. புதன்கிழமை அவர் சமையலறைக்குள் நுழைகிறபோது, அவளே பொறுக்க மாட்டாமல், "மேலயே சுத்துங்க, பெருக்கிகினு இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தாள். "உம்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார் மனுஷன். சட்டைப் பையில் பருப்புகூட இல்லை. அதைத் துவைக்கப் போடும்போது கவனித்தாள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

வியாழக்கிழமை பௌர்ணமி. பொழுது சாயும்போது இருவருமாக மலை சுற்றக் கிளம்பினார்கள். செங்கம் ரோடு வழியாக ஆசிரமத்தைத் தாண்டி நடந்தார்கள். ஜனங்கள் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அடி அண்ணாமலை நெருங்கும்போது எதிரிலிருந்து ஒருவன் வந்தான். எதையோ தவறவிட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வந்தான்போல. தலையைக் குனிந்தபடி, கூட்டத்துக்கு எதிராக வேகமாக வந்தவன் ஆதிமூலத்தின் நெஞ்சில் வந்து மோதினான்.

"யோவ்! கண்ணு தெரியல? ஊரே ஒரு பக்கமா போவுது, நீ ஒருத்தன் எதிர்ல வர்றியே, கிறுக்கா உனுக்கு?" என்று ஆதிமூலம் சீறினார். வாரம் முழுக்க அடைத்துக்கிடந்த குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

அவன் முனகிக்கொண்டே போய்விட்டான். சரசுவுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அவன் கிறுக்கனா?"

"பின்ன இல்லியா? கூட்டத்துல எவன் மேலயாவது மோதி, எவனாவது வுழுந்தா?"

"மெட்ராஸ்ல மேல சுத்துறாங்களே, அங்க ஊரு எந்தப் பக்கமா போவுது?"

ஆதிமூலம் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இருபுறமும் ஒதுங்கிப் போனார்கள்.

"எடப்பக்கமா" என்றார்.

"நீங்க?"

 இடித்த இடத்தை நெஞ்சில் தடவிக்கொண்டு, அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க நீங்கதான் இவன்" என்றாள் சரசு. "எடம் வலம்லாம் சாமிக்கு. அங்க நடுவுல இருக்கிறது வெறும் தார் ரோடு. அதுல என்னா சாமி இருக்குது? கூடப் போற புள்ளைங்கள இடிக்காம போய்ட்டு வர்றதுதான் அங்க சாமி."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னும் மூன்று நாள் சும்மா இருந்திருந்தால் காரியம் தானாக முடிந்திருக்கும். பாழும் வாய்! மீதி வழி முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டு நடந்தாள். ஆதிமூலம் அவள் பக்கத்தில் நடந்தார். ஒருமுறை மெல்ல, "சரசு டவர்" என்று கூப்பிட்டார். "பேசாம வாங்க" என்று அதட்டினாள்.

சனிக்கிழமை அவளும் பஸ் ஏறினாள். மாம்பலத்தில் ஒரு எவர்சில்வர் அண்டா பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னாள். அவர் நம்பினாரா என்பது தெரியாது.

மறுநாள் காலையில் கிளப் வாசலில் ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில் அவளை உட்கார வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் நரைத்த மீசையுமாக ஒருவர் வந்து, "நீங்கதான் சரசு டவரா?" என்று கைகூப்பினார். கேப்டன் ராமதாஸ். அவமானத்தில் அவளுக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. போகிற இடத்திலெல்லாம் சொல்லித் தொலைத்திருக்கிறார் மனுஷன்! ஆதிமூலம் எதையும் காதில் வாங்காமல் விமானத்தருகே போய், செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினார். கேப்டன் பக்கத்தில் ஏறினார்.

ஓடியது, எழும்பியது, கொஞ்ச தூரம் நேரே போயிற்று, இடப்பக்கம் திரும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எண்ணெய்க் குடம் மாதிரி இறங்கி நின்றது. அதோடு முடிந்தது என்று சரசு மூச்சு விடுகிற நேரத்தில் கதவு திறந்தது. கேப்டன் மட்டும் இறங்கினார். இறங்கிக் கதவைச் சாத்தினார். விமானத்தின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடந்து வந்தார்.

"நீங்க எறங்கிட்டீங்களே! உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டாள் சரசு. 

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. வேற யாரும் வேணாம் அவருக்கு. இன்னிக்கு நான் வாயே தொறக்கல, சரியா திரும்பிட்டாரு. தனியாவும் திரும்புவாரான்னு இப்பத்தான் தெரியும்."

விமானம் அவரை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியது. அது கிளம்பிய இடத்தில் அவருடைய தோல் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. சரசு முதலில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் பக்கம் தேய்ந்த செருப்பு. ஆளில்லாமல் கிடக்கிற செருப்பு. மேலே பார்த்தாள். விமானம் நேரே போய்க்கொண்டிருந்தது. திரும்ப வேண்டிய இடம் வந்திருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. கிணற்றடியில் தென்னை மரம் வருகிற இடம் அது. திரும்பவில்லை. இன்னும் போயிற்று.

வலது இறக்கை இம்மி தாழ்ந்தது.

கேப்டன் வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்தார். வாளியோடு நின்ற பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"யோவ் கிறுக்கு மனுஷா! இந்தாண்ட! இந்தாண்ட திரும்பு!" என்று சரசு பெஞ்சை விட்டு எழுந்து, இடது கையை வீசி வீசிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'யோவ்' என்று கூப்பிட்டதில்லை. எட்டாத உயரத்தில் இருந்தவருக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் தாழ்ந்த வலது இறக்கை நிமிர்ந்தது. ஒரு நொடி நேராக நின்றது. பிறகு இடது இறக்கை சாய்ந்து, விமானம் இடப்பக்கமாக, கூட்டம் போகிற பக்கமாகத் திரும்பியது.

பையன்கள் ஓவென்று கத்தினார்கள். சரசு உட்காரவில்லை. அது சுற்றி வந்து, தாழ்ந்து, தரையைத் தொட்டது தெரியாமல் தொட்டு, ஓடி, திரும்பி, அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று, முன்னால் சுழல்வது ஓயும் வரையில் உட்காரவில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் சரசு போய்விட்டாள். உள்ளே ஆதிமூலம் வாயெல்லாம் பல்லாக, கண்ணெல்லாம் நீராக உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"எறங்காதீங்க. அப்படியே குந்துங்க" என்றாள் சரசு.

"ஏம்மா, என்ன விஷயம்?" என்று பின்னாலேயே வந்த கேப்டன் கேட்டார்.

"எடமா ரெண்டு சுத்து சுத்திட்டாருங்க. அந்தக் கடன் நிக்குது."

அவர் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பையும் கழற்றி வைத்தாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வாளி வைத்திருந்த பையன்கள் விலகி வழிவிட்டார்கள். விமானத்தை வலக்கைப் பக்கம் வைத்து, சுடுகிற தரையில், வலிக்கிற முட்டியோடு நடக்க ஆரம்பித்தாள். இந்த முறை திட்டவில்லை. வாலைச் சுற்றி வரும்போது நின்று, அந்தத் துணியைக் கையால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.